ஒட்டக வாடகை முதல் எஸ்யூவி லீஸ் வரை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் காத்திருந்தார். இப்போது காஞ்சியில் பட்டுச் சேலை மொத்த வணிகம் செய்கிறார்; அல்லாஹ் அவருக்கு நல்ல பரக்கத்தைக் கொடுத்திருக்கிறான். கையில் இருபது பக்கத்துக்கும் மேற்பட்ட ஓர் ஒப்பந்தம் இருந்தது. புதிய சொகுசு எஸ்யூவி ஒன்றை நான்கு ஆண்டு லீஸுக்கு எடுக்க முடிவு செய்திருந்தார்.

"ஹஜ்ரத், கடனில் வாங்கினால் வட்டி. இது லீஸ்தான். மாதம் ஒரு இலட்சத்து இருபத்தாறாயிரத்துச் சொச்சம். வட்டி என்ற சொல்லே இதில் இல்லை. கையெழுத்துப் போடலாமா?"

"பேரம் பேசினீர்களா தம்பி?" என்று கேட்டோம்.

"வாடகையில் என்ன பேரம் ஹஜ்ரத்? எழுதிக் கொடுத்ததுதான்."

ஜரிகையின் எடையைக் கிராம் கணக்கில் பார்த்து அரைமணி நேரம் விலை பேசுகிற மனிதர் இவர். அவரே இப்படிச் சொன்னது நமக்கு வியப்பளித்தது. வாடகைப் பேரத்தின் வரலாறு நம் சமூகத்திற்கு மறந்துபோயிற்றோ என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்றொரு தனிப் பாடம் உண்டு. ஆளைக் கூலிக்கு அமர்த்துவதும் பொருளை வாடகைக்கு எடுப்பதும் அதில் அடங்கும். மத்யனில் மூஸா (அலை) அவர்கள் எட்டு ஆண்டு வேலைக்கு ஒப்பந்தமானதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் இப்னு உரைகித் என்பவரை வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிமாகவும் இருக்கவில்லை. இரண்டு ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்குக் கொண்டுவருமாறு பேசி முடித்தார்கள். உயிருக்கு ஆபத்தான அந்த வேளையிலும் ஆள், பணி, நாள், இடம் எல்லாம் தெளிவாகக் குறிக்கப்பட்டன.

வாகனத்திற்கு விலை பேசுவது கண்ணியக் குறைவு என்று எண்ணுவோருக்கு ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகச் செய்தியை நினைவூட்டலாம். பயணத்தில் களைத்துப் பின்தங்கிய அவருடைய ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் விலைக்குக் கேட்டார்கள். ஜாபிர் முதலில் இசையவில்லை, பிறகு இசைந்தார். மதீனா சேரும்வரை தாமே அதில் ஏறி வருவதாகவும் கேட்டுக்கொண்டார். ஊர் சேர்ந்ததும் நபி (ஸல்) அவர்கள் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தப் பயண உரிமை விற்பனையின் நிபந்தனையா, தனியான சலுகையா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே நீண்ட விவாதம் உண்டு. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: பேரமும் பெருந்தன்மையும் ஒரே நிகழ்ச்சியில் இருந்தன.

நம் மதரஸாவில் ஓதப்படும் குதூரீ என்னும் ஹனஃபி நூலின் ஆசிரியர் பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 428-இல் (கி.பி. 1037) மறைந்தவர். அவருடைய இஜாரா பாடத்தை இன்றைய வாகன ஒப்பந்தத்தின் அருகில் வைத்துப் படித்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. குறித்த எடைப் பஞ்சை ஏற்றுவதாகச் சொல்லி எடுத்த மிருகத்தின்மீது அதே எடையுள்ள இரும்பை ஏற்றக்கூடாது. எடை ஒன்றானாலும் முதுகுக்கு வரும் நோவு வேறு. (பட்டுநூலையும் ஜரிகையையும் ஒரே எடைக்கல்லில் வைத்து ஒரே விலை பேசுவோர் நம் ஊரிலும் இல்லை.) தான் ஏறுவதற்கென எடுத்த மிருகத்தில் இன்னொருவரையும் ஏற்றி, அது இறந்துபோனால், பாதி விலைக்குப் பொறுப்பு. மக்காவுக்கு இருவர் அமரும் மஹ்மிலைச் சுமக்க ஒட்டகம் பேசலாம். வழக்கமான மஹ்மில் என்று கொள்ளப்படும், ஆனால் ஒட்டகக்காரர் அதை நேரில் பார்த்துவிடுவது மேலானது.

மஹ்மில் என்பது ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கும் இருக்கை. அக்காலச் சொகுசு வாகனம் அதுவே. 1326-இல் மக்காவிலிருந்து பக்தாதுக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவுக்கு, பயணக் கூட்டத்தின் தலைவர் அத்தகைய இருக்கையில் ஒரு பாதியைத் தம் செலவில் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். முழுவதும் அல்ல, பாதி!

இத்தனை நுணுக்கங்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி: இழப்பு யாருடையது? வாடகைக்கு எடுத்தவர் கையில் பொருள் அமானத். அவர் வரம்பு மீறாமலும் கவனக்குறைவு இல்லாமலும் இருக்கும்போது அது அழிந்தால், இழப்பு உரிமையாளரைச் சேரும். அந்தச் சுமையைத் தாங்குவதால்தான் உரிமையாளருக்கு வாடகை ஹலாலாகிறது. சுமையையும் வாடகைக்காரர் தலையில் கட்டிவிட்டு வாடகையையும் வாங்கினால், அவர் கொடுத்தது வாகனமா, பணமா என்ற ஐயம் எழும்.

இடையில் ஒப்பந்தத்தை முறிப்பதும் புதிய சிக்கல் அல்ல. ஒருவர் ஒட்டகக்காரரிடம், இன்ன நாளில் உன்னோடு புறப்படாவிட்டால் நூறு திர்ஹம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்படவில்லை. வழக்கு கூஃபாவின் நீதிபதி ஷுரைஹ் அவர்களிடம் வந்தது. நெருக்கடி இல்லாமல் தானே விரும்பி ஏற்ற நிபந்தனை அவரைக் கட்டும் என்று தீர்ப்பளித்தார். இதை எல்லா இமாம்களும் ஏற்கவில்லை. ஆயினும் கையெழுத்திடுமுன் அபராதப் பிரிவைப் படிக்காதவருக்கு இச்செய்தி போதும்.

உடைமை ஒருவரிடமும் அனுபவம் இன்னொருவரிடமும் இருப்பதன் விளைவை நம் காஞ்சி மண்ணே ஒருமுறை கண்டது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா, காஞ்சிபுரம் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையை 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765-இல் முகலாயப் பேரரசரும் அதை உறுதி செய்தார். கம்பெனி அதே சீமையை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது! நேற்று தாம் கொடுத்த நிலத்திற்கு இன்று நவாப் குத்தகைதாரர். தவணை தவணையாகப் புதுப்பிக்கப்பட்ட அந்த ஏற்பாடு, 1780-இல் ஹைதர் அலீயின் படையெடுப்போடு முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10-இல் நம் ஊருக்கருகே புள்ளலூரில் கம்பெனிப் படை ஒன்று அழிந்தது. சீமையின் நிர்வாகத்தையோ கம்பெனி தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. புதுப்பிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, முடிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது.

மோட்டார் வாகனத்தை நீண்டகால வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கியவராகச் சிகாகோ நகர விற்பனையாளர் சோலி ஃபிராங்க் குறிப்பிடப்படுகிறார், ஆண்டு 1939. நம் மாநிலத்தில் 1954-இல் சென்னையில் தோன்றிய சுந்தரம் பைனான்ஸ், லாரிகளுக்குத் தவணைமுறைக் கொள்முதலைப் பரவலாக்கியது. 1973-இல் நாட்டின் முதல் லீஸிங் நிறுவனமான ஃபர்ஸ்ட் லீஸிங் கம்பெனியும் சென்னையிலேயே பிறந்தது. எஸ்யூவிகளும் நமக்கு அயலூர்ச் சரக்கல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. சிங்கப்பெருமாள்கோயில் அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இல் பிஎம்டபிள்யூ ஆலை திறக்கப்பட்டபோது அதுவும் காஞ்சிபுரம் மாவட்டமே. 2019-இல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று.

இக்கால அறிஞர்களும் சும்மா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உடைமையில் முடியும் இஜாரா குறித்துத் தன் 110-ஆம் தீர்மானத்தை வெளியிட்டது. வாடகையும் விற்பனையும் தனித்தனி ஒப்பந்தங்களாக இருக்க வேண்டும். வாடகை மெய்யான வாடகையாக இருந்து, பொருளின் இழப்புப் பொறுப்பு உரிமையாளரிடம் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்தே வாடகை ஓட வேண்டும், நிறுவனம் விற்பனையாளருக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல என்பதை முஃப்தி தகீ உஸ்மானி தம் நூலில் வற்புறுத்தியிருக்கிறார்.

இந்திய மோட்டார் வாகனச் சட்டம் (1988) இதில் ஒரு திருப்பம் வைத்திருக்கிறது. அதன் 2(30) பிரிவின்படி, லீஸ் ஒப்பந்தத்தில் உள்ள வண்டியை யார் கைவசம் வைத்திருக்கிறாரோ அவரே 'உரிமையாளர்'. சாலையில் பிறருக்கு விளையும் தீங்கிற்கு அவரே முன்னிற்க வேண்டியவர். இது நம் ஃபிக்ஹோடு மோதுவதாகத் தோன்றலாம், உண்மையில் மோதவில்லை. ஓட்டுபவர் பிறருக்குச் செய்யும் தீங்கு வேறு; அவர் குற்றமின்றி வண்டியே அழிவது வேறு.

இனி மாணவரின் கணக்குக்கு வருவோம். வண்டியின் விலை வரி நீங்கலாக 64 இலட்சம். நான்கு ஆண்டு முடிவில் எஞ்சும் மதிப்பு 20 இலட்சம் என்று வைத்திருந்தார்கள். இடையிலுள்ள 44 இலட்சத் தேய்மானத்தை 48 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 91,667. இரண்டு தொகைகளின் சராசரி 42 இலட்சம். அதற்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு இலாபம் என்றால் மாதம் 35,000. ஆக 1,26,667. மாத வாடகை வானத்திலிருந்து இறங்கிய எண் அல்ல. விலை, எஞ்சும் மதிப்பு, இலாப விகிதம் ஆகிய மூன்றும் தனித்தனியே பேரத்திற்கு உரியவை. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், இவ்விவரங்களை வாடிக்கையாளருக்கு எழுத்தில் காட்டச் சொல்கின்றன. நாமும் கேட்டு வாங்கலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.

மாணவர் கேட்டார். வேறிரண்டு நிறுவனங்களிடமும் எழுத்தில் விலை வாங்கி, மாதக் கடைசியில் போய் அமர்ந்தார். வண்டியின் விலை 62 இலட்சமாக இறங்கியது. எஞ்சும் மதிப்பு 22 இலட்சமாக ஏறியது. வாடகை 1,18,333 ஆயிற்று. நான்கு ஆண்டில் மிச்சம் நான்கு இலட்சம். எஞ்சும் மதிப்பு ஏறுவது வண்டியைத் திருப்பிக் கொடுப்பவருக்கே நன்மை. இறுதியில் வாங்க நினைப்பவர் அங்கே கூடுதலாகக் கொடுக்க நேரும். அந்த மதிப்புக்கு வாடகைக்காரரே உத்தரவாதம் என்று ஒப்பந்தம் சொன்னால் பேரத்தில் வென்றது ஒன்றுமில்லை, கணக்கைத் தள்ளிப்போட்டதே மிச்சம். முதலில் சொன்ன தொகை வரிக்கு முந்தியது என்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பெரிய எஸ்யூவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 விழுக்காடு. லீஸ் வாடகைக்கும் அதே விகிதம். மாதம் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேல் அதன்மீது ஏறுகிறது. இதைக் கேட்டபின் இவ்வளவு பெரிய வண்டி தேவைதானா என்று அவரே கேட்டார். அதற்கு நாம் விடை சொல்லவில்லை. இஸ்ராஃப் எங்கே தொடங்குகிறது என்பதை அவரவர் வருமானமும் மனசாட்சியும்தான் அறியும்.

பணப் பேரம் முடிந்தபின் ஒப்பந்தத்தில் நான்கு பிரிவுகளைப் பென்சிலால் கோடிட்டோம். வாடகை தொடங்கும் நாளை, வண்டி கையில் வரும் நாளாக மாற்ற ஒப்புக்கொண்டார்கள். கிலோமீட்டர் வரம்பு அவருடைய ஆரணி, சேலம், பெங்களூரு பயணங்களுக்குப் போதாது, அதையும் உயர்த்தினார்கள். திருப்பிக் கொடுக்கும்போது எது சாதாரணத் தேய்மானம், எது சேதம் என்பதைப் படத்துடன் இணைப்பாகச் சேர்த்தார்கள். மஹ்மிலை நேரில் பார்த்துவிடச் சொன்ன குதூரீயின் அறிவுரை அங்கே பயன்பட்டது.

நான்காவது பிரிவில் பேச்சு நின்றுவிட்டது. வெள்ளத்திலோ திருட்டிலோ வண்டி முழுதும் போய், காப்பீட்டுத் தொகை போதாவிட்டால், குறையையும் மீதமுள்ள மாதங்களின் வாடகையையும் எடுத்தவரே கட்ட வேண்டும் என்கிறது அது. இல்லாத வண்டிக்கு வாடகை! மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்த நிறுவனம் இதில் அசையவில்லை. இந்த ஒரு பிரிவு இருக்கும்வரை இதை இஜாரா என்று அழைக்க நமக்கு நா வரவில்லை என்று மாணவரிடம் சொன்னோம். மேலும் தெளிவு வேண்டுமானால் முஃப்திமார்களிடம் கேட்கவும் சொன்னோம்.

அந்தப் பிரிவை நீக்கினால் கையெழுத்திடுகிறேன் என்று அவர் எழுதி அனுப்பியிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை. நேற்று அஸருக்கு அவர் வந்து இறங்கியது, பதினொரு ஆண்டுகளாக ஓடும் அவருடைய பழைய இன்னோவாவில்தான்.