ஒரு பேரரசியின் பெயர் எழுத்து

பெரும்பாலான சீன எழுத்துகளை யார், எப்போது உருவாக்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 'ஜாவ்' என்ற அபூர்வ எழுத்துக்குப் பிறந்த வருடமே தெரியும்: கி.பி. 689!

மேலே சூரியனும் சந்திரனும் பக்கத்தில் பக்கத்தில், கீழே வானம். பொருள், ஒளி வீசுதல். இதே உச்சரிப்பில், இதே பொருளில் ஏற்கனவே ஒரு எழுத்து சீனத்தில் உண்டு. பிறகு எதற்கு இன்னொன்று? ஒரே ஒரு பெண்ணின் பெயருக்காக.

அவர்தான் வூ ஸெத்தியன். தாங் வம்சப் பேரரசர் காவ்ஸோங்கின் மனைவி. கணவர் 683-ல் இறந்ததும் மகன்களைப் பொம்மைகளாக அரியணையில் வைத்து ஆண்டவர், 690-ல் தானே பேரரசர் ஆனார். பேரரசர் என்ற பட்டத்தோடு சீனாவை ஆண்ட ஒரே பெண் என்று வரலாற்றில் இடம்பெற்றவர். பெண் அரியணை ஏறுவதை ஏற்காத பழைய நூல்களைப் படித்து வளர்ந்த அதிகாரிகள்தான் சுற்றிலும். ஆகவே எழுத்திலேயே கை வைத்தார்!

பத்துக்கும் மேற்பட்ட புதிய எழுத்துகள் ஆணையாக வெளிவந்தன. சூரியன், சந்திரன், வானம், பூமி, ஆண்டு எல்லாவற்றுக்கும் புது உருவம். அரசனின் ஊழியரைக் குறிக்கும் எழுத்து இன்னும் சுவாரஸ்யம்: 'ஒன்று', அதற்குக் கீழே 'விசுவாசம்'. அதிகாரி ஒவ்வொரு முறை தன்னைக் குறிப்பிடும்போதும் விசுவாசத்தை எழுதியே ஆக வேண்டும்! பேரரசரின் பெயரை யாரும் புழங்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். அரசாணை என்ற சொல்லும் 'ஜாவ்' என்றே ஒலித்ததால் அதற்கும் வேறு சொல் வந்தது.

705-ல் அவர் ஆட்சியை இழந்தார், அதே ஆண்டில் இறந்தும் போனார். அவருடைய எழுத்துகளும் வழக்கிலிருந்து மறைந்தன. இந்தக் குறுகிய ஆயுளே ஆய்வாளர்களுக்கு வசதியாகிவிட்டது. ஒரு சுவடியில் இவை இருந்தால் அது 689-க்கு முந்தியதாக இருக்க முடியாது. (பிந்தியதாக இருக்கலாம். பழைய பிரதியைப் பார்த்து அப்படியே நகலெடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.) 1966-ல் கொரியாவின் கியோங்ஜு நகரில், புல்குக்சா கோயில் கோபுரத்துக்குள் கிடைத்த அச்சுச் சுருளிலும் இவை இருந்தன. அதை அச்சிட்டது சீனாவா கொரியாவா என்ற சண்டையில் இந்த எழுத்துகளும் ஒரு சாட்சி.

'நாடு' என்பதற்கான எழுத்து மட்டும் ஜப்பானில் தப்பித்தது. 17-ஆம் நூற்றாண்டில் மிட்டோ பிரபு தொக்குகாவா மிட்சுகுனி தன் பெயரில் அதைச் சேர்த்துக்கொண்டார்.

1982-ல் சோங் மலையில் ஒரு தங்கத் தகடு கிடைத்தது. கி.பி. 700-ல், தன் பாவங்களை மன்னிக்கும்படி தெய்வங்களுக்கு வூ அனுப்பிய வேண்டுதல் அது. அதிலும் தன் பெயரை அந்தப் புது எழுத்தில்தான் பொறித்திருக்கிறார்.