ராலி கார்கள்: மின்கலமும் ஹைட்ரஜனும்
உலக ராலி சாம்பியன்ஷிப்பின் முதன்மைப் பிரிவுக் கார்களில் 2022 முதல் 2024 வரை பெட்ரோல் எஞ்சினோடு 100 கிலோவாட் மின்மோட்டாரும் 3.9 கிலோவாட்-மணி மின்கலமும் இருந்தன. 2025இல் அவை கைவிடப்பட்டன. மின்கலத்தின் சிக்கல் எடையும் தொலைவும்தான். ராலி நாள் முழுக்கக் காட்டுச் சாலைகளில் ஓடுவது; அங்கே மின்னேற்ற வசதி அரிது. கார்லோஸ் சைன்ஸ் 2024 டக்கார் ராலியை வென்ற ஆடி ஆர்எஸ் கியூ இ-ட்ரான், மின்மோட்டாரால் சக்கரங்களைச் சுழற்றினாலும், ஓட்டத்தின்போதே மின்கலத்தை நிரப்ப ஓர் உள்ளெரி எஞ்சினையும் சுமந்தது.

ஹைட்ரஜனைச் சில நிமிடங்களில் நிரப்பலாம். அதை எஞ்சினுக்குள்ளேயே எரிக்கும் டொயோட்டா ஜிஆர் யாரிஸ் எச்2, 2022 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஈப்ர் ராலியில் செயல்விளக்கமாக ஓடியது. ஓட்டியவர்களில் ஒருவர் நான்கு முறை உலக சாம்பியனான யூஹா கன்குனன். எஞ்சினின் உறுமல் மறையாதது ரசிகர்களுக்குப் பெரும் ஆறுதல். ஆனால் உயரழுத்தத் தொட்டிகள் பின்னிருக்கை இடத்தை விழுங்கிவிடுகின்றன.