மகப்பேறு நிதியுதவியும் குழந்தைக்கான தடுப்பூசியும்

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் செயல்பட்டு வருகிறது. தற்போது உதவியின் மதிப்பு 18,000 ரூபாய். இதில் 14,000 ரூபாய் தாயின் வங்கிக் கணக்கில் தவணைகளாகச் செலுத்தப்படுகிறது. எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வழங்கப்படுகிறது. குழந்தை பிறந்த பின் வரும் தவணைகள், 14-ஆவது வாரத்தில் போடப்படும் மூன்றாம் பென்டாவேலன்ட் ஊசியையும், 9 மாதம் நிறைந்ததும் போடப்படும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியையும் சார்ந்தவை.

ஊசியுடன் பணத்தை இணைப்பது ஏன்?

மரக்காணம் உப்பளங்களிலோ பெருமுக்கல் சுற்றுவட்டார வயல்களிலோ நாட்கூலிக்குச் செல்லும் தாய், குழந்தையைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்து வந்தால் அன்றைய கூலியை இழக்கிறார். அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்வதே நோக்கம். இராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் நடைபெற்று 2010-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. எவ்வித ஏற்பாடும் இல்லாத ஊர்களில் 6 விழுக்காட்டுக் குழந்தைகளே முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தனர். மாதந்தோறும் தவறாது முகாம் நடத்திய ஊர்களில் அது 18 விழுக்காடு. முகாமுடன் ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், அனைத்தும் முடிந்ததும் உணவுத் தட்டுகளும் வழங்கிய ஊர்களில் 39 விழுக்காடு. பருப்பு மட்டுமன்று, சொன்ன நாளில் செவிலியர் வந்ததும் பலனளித்தது என்பதைக் கவனியுங்கள்.

நிதியுதவி இல்லாதபோது

உதவி பெற, தாய் 19 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கே அது கிடைக்கும். தடுப்பூசிக்கு இக்கட்டுப்பாடுகள் இல்லை. மூன்றாவது குழந்தைக்கும், வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவரின் குழந்தைக்கும் அனைத்து ஊசிகளும் இலவசம். முந்தைய தவணைப் பணம் வரவில்லை என்பதற்காக அடுத்த ஊசியை ஒத்திவைக்காதீர்கள். கக்குவான் இருமல் சில மாதக் குழந்தையின் உயிரையே பறிக்கக்கூடியது.

ஒன்பதாம் மாத ஊசியோடு பணம் முடிந்துவிடுகிறது. தடுப்பூசி அட்டவணை முடிவதில்லை. 16 முதல் 24 மாதத்திற்குள் இரண்டாம் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் முத்தடுப்பு ஊக்குவிப்பு ஊசியும் போடப்பட வேண்டும். முதல் தட்டம்மை ஊசியால் எதிர்ப்பாற்றல் பெறாத குழந்தைகளைக் காப்பது இரண்டாம் ஊசியே. பெற்றோர் மறந்துவிடுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

நாள் தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரசவத்திற்குத் தாய் வீடு சென்றவர்கள், அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண்ணையும் தாய் சேய் நல அட்டையையும் காட்டி, போட்ட ஊசிகளைப் பதிவு செய்யுங்கள். பதிவு விடுபட்டால் தவணைத் தொகையும் தாமதமாகும். துணை சுகாதார நிலையங்களில் பொதுவாகப் புதன்கிழமைகளில் தடுப்பூசி போடப்படுகிறது.