கிதாருக்கு ஆடிய பாம்பு

இந்தியன் ஓஷன் இசைக்குழுவைப் பற்றி ஜெய்தீப் வர்மா எடுத்த ‘லீவிங் ஹோம்’ ஆவணப்படத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். 2010 ஏப்ரலில் அது திரைக்கு வந்தபோது, குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான அஷீம் சக்ரவர்த்தி உயிரோடு இல்லை. முந்தைய டிசம்பரில்தான் மறைந்தார். நல்லவேளை, படம் அவர் குரலைப் பிடித்து வைத்துவிட்டது. அப்படியொரு படத்துக்கு முழுத் தகுதியுள்ள குழு, திருவனந்தபுரத்து ‘அவியல்’.

2003-ல் டோனி ஜானும் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பாலும் தொடங்கியது. பிறகு ரெக்ஸ் விஜயனின் கிதார் சேர்ந்தது. கேரளத்து ராக் மேடைகளில் ஆங்கிலமே ஓங்கியிருந்த காலத்தில் இவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். 2008-ல் முதல் ஆல்பம், எட்டுப் பாட்டு.

அவற்றில் ஒன்று ‘ஆடு பாம்பே’. பேர் காதில் விழுந்ததுமே நமக்குப் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வந்துவிடுவார். பாட்டு அவருடையதல்ல, நாராயண குரு எழுதிய ‘குண்டலினிப் பாட்டு’. ஆனால் பாம்பை ஆடச்சொல்லி ஒவ்வொரு செய்யுளையும் முடிக்கும் அந்த முறை சித்தரின் முறையேதான். அருள், திருமேனி, ஆனந்தக்கூத்து என்று வரும் சொற்களுக்கு நமக்கு அகராதி வேண்டாம். மூலாதாரத்தில் சுருண்டு கிடக்கும் ஆற்றலைத்தான் இருவரும் பாம்பென்று கூப்பிடுகிறார்கள்.

குருவுக்கு இந்தச் சித்தர் முறை எங்கிருந்து வந்தது? அவர் பிறந்த செம்பழந்தி திருவனந்தபுரத்தை ஒட்டிய ஊர். நகரத்துக்குள் தைக்காட்டில் ஆங்கிலேய ரெசிடென்சியில் மேலாளராக இருந்தவர் அய்யாவு சுவாமிகள், தமிழர், யோகி. குருவும் சட்டம்பி சுவாமிகளும் யோகம் பயின்றது அவரிடம். குரு தமிழிலும் பதிகங்கள் பாடினார். திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தார். சித்தர் மரபு அவருக்கு வீட்டுச் சொத்து மாதிரி.

அவியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் டர்ன்டேபிளையும் கிதாரையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. நூறாண்டுக்கு மேல் பழைய யோகப் பாட்டை எடுத்து, இரைச்சலான கிதாருக்கு நடுவே வைத்து, கல்லூரிப் பிள்ளைகளைக் கூடவே பாட வைத்தார்களே, பெரிய சோதனை அதுதான். படமெடுக்க வருகிறவர் ஒத்திகை அறைக்கு முன் தைக்காட்டுக்குப் போகட்டும். 1909-ல் மறைந்த அய்யாவுவின் சமாதிமேல் எழுந்த சிவன் கோயில் அங்கே இருக்கிறது.

(தொடரும்)