கணையாழி கேட்கும் எஞ்சின்

காரின் சாவி நெடுங்காலம் வெறும் உலோகத் துண்டாகவே இருந்தது. திருப்பும் கை யாருடையது என்று அது கேட்டதில்லை. சாவியில்லாதவனும் இரண்டு கம்பிகளை இணைத்து எஞ்சினை உயிர்ப்பித்துவிடலாம். இந்நிலையை மாற்றிய இம்மொபிலைசர் என்னும் மின்னணுப் பூட்டின் வரலாற்றைத் திருடர்களை வைத்தே எழுதுவது வழக்கம். நாம் இங்கே வேறொருவரை வைத்துப் பார்க்க விழைகிறோம்: தம் பழைய காரில் இன்னொரு காரின் எஞ்சினைப் பொருத்தி ஓட்ட விரும்பும் நேர்மையான ஆர்வலர்.

1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் காரின் சாவியில் சிறு மின்தடையைப் பதித்தது. மொத்தம் பதினைந்தே அளவுகள். பொறுமையுள்ள திருடனுக்கு அது பெருந்தடையன்று. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபின் ஜெர்மனியில் கார் திருட்டு பெருகியது. காப்பீட்டு நிறுவனங்கள் நெருக்கின. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கார்கள் அனைத்திலும் இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. பயன் இல்லாமற் போகவில்லை. நெதர்லாந்தில் இதனால் திருட்டு சராசரியாக நாற்பது விழுக்காடு குறைந்ததாக 2016இல் வெளிவந்த ஆய்வொன்று கணிக்கிறது.

சாவியின் தலைப்பகுதிக்குள் பேட்டரியில்லாத ஒரு சில்லு இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலமே அதற்கு மின்சாரம் தருகிறது. தொடக்ககாலச் சில்லுகள் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லின. ஒருமுறை கேட்டவன் நகலெடுக்கலாம். பின்வந்தவற்றில் கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை எறியும். சில்லு தன் இரகசியத்தைக் கொண்டு கணக்கிட்டு விடையளிக்க வேண்டும். கம்பனின் இராமன் அனுமனிடம் கணையாழியோடு நிறுத்திக்கொள்ளாமல், தானும் சீதையும் மட்டுமே அறிந்த செய்திகளையும் சொல்லியனுப்பியது நம் நினைவுக்கு வருகிறது. மோதிரம் களவு போகலாம் அல்லவா?

இனி நம் ஆர்வலரிடம் வருவோம். 1983 முதல் 1992 வரை வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இரண்டாம் தலைமுறைக் காரில், தொண்ணூறுகளின் நடுவில் வந்த 1.8 லிட்டர் டர்போ எஞ்சினைப் பொருத்துவது ஐரோப்பிய ஆர்வலரிடையே பெருவழக்கு. மோதிச் சிதைந்த காரிலிருந்து எஞ்சினும் அதன் கணினியும் வாங்கப்படுகின்றன. எல்லாம் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறுமுகிறது. ஓரிரு நொடிகளில் அடங்கிவிடுகிறது. புதியவர் பெட்ரோல் பம்பைச் சந்தேகித்து அதைக் கழற்றுவார். பழுது அங்கில்லை. கணினி தன் பழைய வீட்டின் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

சிதைந்த காரின் சாவி, கம்பிச்சுருள், இம்மொபிலைசர் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கிவருவது ஒரு வழி. முதலில் தனிப் பெட்டியாயிருந்த அது பின்னர் மீட்டர் பலகைக்குள்ளேயே குடிபுகுந்ததால், அந்தப் பலகையையும் எங்காவது ஒளித்துவைக்க வேண்டியிருக்கும். இரகசிய எண்ணைப் பெற்றுக் கணினிக்குப் புதிய சாவியை அறிமுகம் செய்வது இன்னொன்று. ஆனால் அந்த எண் பெரும்பாலும் விற்பனையாளர் கையில். மூன்றாவது, கணினியின் நினைவகச் சில்லில் சில எழுத்துகளை மாற்றி, கேள்வி கேட்பதையே மறக்கச் செய்வது. முதல் வழியே ஐயத்துக்கு இடமற்றது என்பது நம் கருத்து. மூன்றாவதோ ஆர்வலருக்கும் திருடனுக்கும் பொது.

ஆகவேதான் இது நீதிமன்றம் வரை சென்றது. மெகாமோஸ் என்னும் சில்லின் பலவீனத்தைக் கண்டறிந்த ஆய்வாளர்களின் கட்டுரையை 2013இல் ஃபோக்ஸ்வாகன் இலண்டன் உயர்நீதிமன்றத்தின் தடையாணையால் நிறுத்தியது. அது 2015இல்தான் வெளிவந்தது. மென்பொருட் பூட்டுகளை உடைப்பதை அமெரிக்கா 1998இலேயே சட்டத்தால் தடுத்திருந்தது. பழுதுபார்க்கவும் முறையாக மாற்றியமைக்கவும் வாகன உரிமையாளருக்கு 2015இல் விலக்கு கிடைத்தது, அதுவும் ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வரும்படி. துணைக்கு ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொள்ள அவர் 2018 வரை காத்திருக்க நேர்ந்தது.