சர்க்யூட் போர்டுகளின் பொய்ப் படங்கள்

செய்தி இதழ்களிலும் பாடநூல் அட்டைகளிலும் கல்லூரி விளம்பரங்களிலும் மின்னணுவியலின் அடையாளமாக இடம்பெறும் சர்க்யூட் போர்டு படங்களில் பல, உலகில் எங்கும் இல்லாத பலகைகளையோ யாரும் அப்படிச் செய்யாத வேலையையோ காட்டுபவை. இவற்றில் பழையவை, படம் விற்கும் ஸ்டாக் தளங்களுக்காகக் கணினியில் வரையப்பட்டவை அல்லது நடிகர்களை வைத்து எடுக்கப்பட்டவை. புதியவை செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை.

உண்மையான பலகை பெரும்பாலும் கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த, 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்-4 தகடு. அதன்மேல் ஏறத்தாழ 35 மைக்ரோமீட்டர் செம்புப் படலம் ஒட்டப்பட்டிருக்கும். வேண்டாத செம்பை அரித்து நீக்கியபின் எஞ்சுவதே தடம். ஆஸ்திரியாவில் பிறந்த பொறியாளர் பால் ஐஸ்லர் 1930களில் லண்டனில் அச்சிட்ட மின்சுற்றை உருவாக்கினார். உண்மையான பலகையில் காரணமின்றி எதுவும் இருக்காது. சில்லுக்கு வரும் மின்னழுத்தம் தடுமாறாமலிருக்க, அதன் மின்வழங்கல் கால்களை ஒட்டிச் சிறிய மின்தேக்கிகள், பெரும்பாலும் 100 நானோஃபாரட் அளவில், அமர்ந்திருக்கும். மெமரிச் சில்லுக்குச் செல்லும் சில தடங்கள் வளைந்து நெளிந்து ஓடுவது அழகுக்காக அன்று. நீளத்தைச் சமன்செய்து, சமிக்ஞைகள் ஒரே நேரத்தில் போய்ச் சேரச் செய்வதற்காக. மின்தடைக்கு ஆர், மின்தேக்கிக்கு சி, சில்லுக்கு யூ என்று வெள்ளை மையில் அச்சான எழுத்துகளும் எண்களும், பழுது பார்ப்பவர் வரைபடத்தோடு ஒப்பிட உதவும். சில்லின் மூலையிலுள்ள சிறு புள்ளி, முதல் கால் எது என்று சொல்லும்.

ஸ்டாக் படங்கள் இந்தக் காரணங்களையெல்லாம் விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. நடுவில் ஒரே ஒரு பெரிய சில்லு, அதன்மேல் 'ஏஐ' என்ற எழுத்து, நாற்புறமும் சிதறிப் பாயும் நீல ஒளிக்கோடுகள். செம்புத் தடத்தில் மின்சாரம் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. தடம் ஒளிர்வதும் இல்லை. அந்தக் கோடுகளோ எந்தப் பாகத்தையும் தொடாமல் சிறு வட்டங்களில் முடிந்துவிடுகின்றன. இதைவிடக் கவலைக்குரியவை, பணி செய்வதாகக் காட்டும் படங்கள். சால்டரிங் அயர்னை அதன் கைப்பிடியில் பிடிக்காமல் சூடேறும் உலோகப் பகுதியில் பிடித்திருக்கும் படங்கள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. வெள்ளீயமும் ஈயமும் 63:37 விகிதத்தில் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியசில் உருகும். அயர்னின் முனை வழக்கமாக 350 டிகிரி அளவில் இருக்கும். அப்படிப் பிடித்தால் கை வெந்துவிடும்.

2022இல் டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆகியவை பரவலானபின் பிழைகளின் தன்மை மாறியது. இவ்வகைக் கருவிகள், இரைச்சல் நிறைந்த ஒரு பரப்பிலிருந்து இரைச்சலைப் படிப்படியாக நீக்கி, கற்ற படங்களை ஒத்த ஒன்றை உருவாக்குகின்றன. எந்த நிறத்துக்கு அருகில் எந்த வடிவம் வரும் என்பது அவற்றுக்குப் பிடிபடுகிறது. எந்தக் கால் எந்தக் காலோடு இணைய வேண்டும் என்ற மின்சுற்று அறிவு அந்தக் கற்றலில் இல்லை. அதனால் தனித்தனியாக இருக்க வேண்டிய தடங்கள் நடுவழியில் ஒன்றாகிவிடுகின்றன. சில்லின் ஒரு பக்கத்தில் ஒன்பது கால், மறுபக்கத்தில் ஏழு. மின்தடை போலத் தொடங்கும் பாகம் மின்தேக்கியாக முடிகிறது. பல படங்களில் எழுத்துகள் எழுத்தைப் போலிருக்கின்றனவே தவிர, எந்த மொழியிலும் படிக்க முடிவதில்லை. மரத்தின் படத்தில் ஒரு கிளை இடம் மாறினாலும் அது மரமாகவே இருக்கும். பலகையில் ஒரு தடம் தவறான இடத்தில் தொட்டால் குறுக்குச்சுற்றாகிவிடும்.

பழைய பொய் புதிய பொய்க்கு ஊட்டமானதும் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ மீது, ஸ்டாக் படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் 2023இல் வழக்குத் தொடுத்தபோது, உருவான படங்களில் தன் நீர்க்குறி சிதைந்த வடிவில் தெரிவதைச் சான்றாகக் காட்டியது. ஸ்டாக் படங்கள் பயிற்சித் தரவில் இருப்பதால், அவற்றின் நீல ஒளியும் இலக்கற்ற கோடுகளும் புதிய படங்களில் தொடர்வதில் வியப்பில்லை.

இத்தகைய படத்தை அடையாளம் காணப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு தடத்தைத் தேர்ந்து அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தொடர்ந்து பார்த்தாலே பெரும்பாலும் போதும். பல அடுக்குப் பலகைகளில் தடம் ஒரு துளை வழியே மறுபக்கம் இறங்கி மறையலாம். வெற்றிடத்தில் தேய்ந்து மறையாது. உண்மையான படங்களுக்கும் பஞ்சமில்லை. விக்கிமீடியா காமன்சில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கட்டற்ற மென்பொருளான கிகேட், வடிவமைத்த பலகையை முப்பரிமாணப் படமாகவே தருகிறது. கற்பிக்கும் நூலில் பொய்ப் படத்தை அச்சிடுவதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.