மதுரையில் பிறந்த சிங்களப் பேசும்படம்: ருக்மணி தேவியை முன்வைத்து

ஜப்பானில் வாழும் கொரிய வம்சாவளியினர் பலர் ஜப்பானியப் பெயர் பூண்டே பொதுவாழ்வில் இயங்கினர். திரைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். பூர்விகம் தெரிந்தால் வாய்ப்பு பறிபோகும் என்ற அச்சமே காரணம். சிங்களத் திரையின் முதல் கதாநாயகி ருக்மணி தேவியும் பிறப்பால் தமிழர் என்பதால், இந்தச் சட்டகத்தை அவருக்கும் பொருத்திப் பார்க்கத் தோன்றும். அது பொருந்தாது என்பதே என் வாதம்.

1923 ஜனவரி 15 அன்று இலங்கையின் நுவரெலியா மாவட்டம் றம்பொடையில் பிறந்தவர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்குச் சென்று அங்கேயே வேரூன்றிய கொழும்புச் செட்டிகள் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பம். மேடைக்காக அவர் ஏற்ற பெயரைக் கவனியுங்கள். தமிழ் அடையாளத்தை மறைப்பது நோக்கமாக இருந்திருந்தால் சிங்களப் பெயர் ஒன்றைச் சூடியிருப்பார். ருக்மணி தேவி என்பதோ மதுரையிலும் சென்னையிலும் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் உரிய பெயர். 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் புத்தகயா விகாரையைப் போற்றும் பாடலை இசைத்தட்டில் பாடியபோது, இந்தக் கிறிஸ்தவத் தமிழ்ப் பெண்ணின் குரல் பௌத்தச் சிங்கள வீடுகளுக்குள் தடையின்றிப் புகுந்தது.

படத்தொழிலும் அப்படியே. சிங்களத்தின் முதல் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’, ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா குழு மேடையேற்றிய நாடகம். அதைப் படமாக்கியவர் தமிழரான எஸ். எம். நாயகம், இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். கொழும்பில் அன்று ஸ்டுடியோ இல்லை. எனவே குழுவினர் கடல் கடந்து வந்து மதுரை சித்ரகலா மூவிடோனில் நடித்தனர். 1947 ஜனவரி 21 அன்று கொழும்பு கிங்ஸ்லி அரங்கில் படம் வெளியானது. தயாரிப்பாளரும் ஸ்டுடியோவும் தமிழகத்தைச் சேர்ந்திருக்கையில், கதாநாயகி தமிழச்சி என்பதில் வியப்பென்ன? அத்தொழிலின் இயல்பான முகமே அவர்.

1956இல் நிலைமை மாறியது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ ஸ்டுடியோவை விட்டு வெளியேறிக் கிராமத்தைப் படம்பிடித்தது. சென்னைப் பாணிப் படங்கள் மீது அன்று எழுந்த அழகியல் விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் நாளடைவில் அந்த நியாயம், தென்னிந்தியர் பங்களிப்பையே களங்கமாகக் காணும் பார்வைக்குத் துணைபோயிற்று. மேடையிலும் திரையிலும் பாடியும் நடித்தும் வந்த ருக்மணி தேவி, இசை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து திரும்புகையில் 1978 அக்டோபர் 28 அன்று துடெல்லவில் கார் விபத்தில் இறந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறையில், ஹெந்தலை விஜயா ஸ்டுடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார்.

சிங்கள வரலாற்றாசிரியர்கள் ருக்மணி தேவியை உச்சியில் வைத்திருக்கிறார்கள். குறை நம் பக்கம்தான். தமிழ்த் திரை வரலாற்று நூல்கள் சென்னை, சேலம், கோவை ஸ்டுடியோக்களை விரித்துரைக்கும் அளவுக்கு மதுரையைப் பேசுவதில்லை. சித்ரகலாவில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் மதுரையிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளிலோ இருந்தால், அவர்களிடமுள்ள நிழற்படங்களையும் கணக்கேடுகளையும் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் ஆய்வாளர்களின் பார்வைக்குத் தர வேண்டுகிறேன்.